ஒரே வயர், ரெண்டு வியாதி: ஸ்டென்ட்டும் வால்வும்

ஆஞ்சியோகிராம் எடுத்துவிட்டு வந்த யாரிடம் பேசினாலும் முதலில் ஒரு எண் வரும். "எனக்கு எழுபது பர்சென்ட்", "அவருக்குத் தொண்ணூறு". அந்த எண்ணோடு ஒரு படமும் ஒட்டிக்கொண்டிருக்கும்: சமையலறைத் தொட்டிக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கிறது, கம்பியை விட்டுக் குத்தினால் தண்ணீர் ஓடும், முடிஞ்சுது கதை.

கதீட்டர் வழியாக இதயத்துக்குச் செய்யும் சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைக் கடந்த ஒரு வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இதுதான். அந்தக் குழாய்ப் படம் மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் சரி. சுருங்கிப்போன இதய வால்வு விஷயத்திலும் கிட்டத்தட்ட சரி. ஆனால் மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கும், உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்கிற நாள்பட்ட கரோனரி நோயில் அது பாதிதான் சரி. மூன்றுக்கும் தொடையிலோ மணிக்கட்டிலோ நுழையும் அதே மெல்லிய வயர்தான். பலன் மட்டும் ஒன்றல்ல.

நான் டாக்டர் இல்லை. பி.ஈ. முடித்து இருபது வருஷமாக கோட் எழுதுகிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது கேட்க நாலு கேள்வி கிடைத்தால் போதும்.

முதலில் இந்த வயர் எப்படி இதயத்துக்குள் போனது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் கதை அவ்வளவு ருசியானது. 1929, ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற சின்ன ஊர். வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது இளம் டாக்டருக்குக் கை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்கே ஒரு குழாயைச் செலுத்த முடியும் என்று தோன்றியது. மேலதிகாரி கூடவே கூடாது என்றுவிட்டார். கருவிகள் இருந்ததோ நர்ஸ் பொறுப்பில். இவர் என்ன செய்தார் தெரியுமா? "உன் மேல்தான் சோதனை" என்று நர்ஸை நம்பவைத்து, மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, குழாயைத் தன் கையிலேயே ஏற்றிக்கொண்டார். சிறுநீர்ப் பாதைக்கான கதீட்டர் அது. 65 சென்டிமீட்டர் உள்ளே போன பிறகு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படமும் எடுத்துக்கொண்டார். இதயத்துக்குள் குழாயின் நுனி தெரிந்தது. நோபல் பரிசு வந்தது 1956-இல். அதற்குள் மனிதர் இதயத்தை விட்டுவிட்டுச் சிறுநீரக மருத்துவராகியிருந்தார்.

அடுத்தது 1958, அமெரிக்காவில் கிளீவ்லாந்து. கரோனரி தமனிக்குள் நேராகச் சாயத்தைச் செலுத்தினால் ஆள் பிழைக்க மாட்டார் என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பினார்கள். மேசன் சோன்ஸ் ஒரு நோயாளிக்கு வேறு படம் எடுக்கும்போது கதீட்டர் நுனி நழுவி வலது கரோனரிக்குள் போய்விட்டது, சாயமும் போய்விட்டது. இதயம் சில நொடி நின்றது. "இருமுங்க" என்றார். இருமினார். இதயம் மறுபடி துடித்தது. நாம் இன்று கையில் சிடியாக வாங்கிக்கொண்டு வரும் ஆஞ்சியோகிராம் அன்றைக்குப் பிறந்தது.

படம் எடுத்தாயிற்று, இனி சரிசெய்ய வேண்டும். ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் சூரிக்கில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து குட்டிக் குட்டிப் பலூன்களைச் செய்துபார்த்தார். 1977 செப்டம்பர் 16-இல் 38 வயதுக்காரர் ஒருவரின் கரோனரி அடைப்பில் அந்தப் பலூனை ஊதினார். அடைப்பு விலகியது. நெஞ்சைப் பிளக்காமல், நோயாளி விழித்திருக்கும்போதே. குருன்ட்ஸிக் 46 வயதில், 1985-இல், விமான விபத்தில் இறந்துபோனார்.

பலூன் மட்டும் போதவில்லை. ஊதிய இடம் சில மாதங்களில் மூன்றில் ஒருவருக்காவது மறுபடி சுருங்கியது. 1986-இல் உலோக வலைக் குழாயை, அதாவது ஸ்டென்ட்டை, உள்ளே வைத்து முட்டுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். உடம்பு அதையும் ஒரு காயமாகவே பார்த்து மேலே சதையை வளர்த்தது. அதைத் தடுக்க ஸ்டென்ட்டின் மேல் மருந்து பூசினார்கள். முதலில் பூசிய மருந்து சிரோலிமஸ். பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பிரித்தது. பிரித்தவர் சுரேந்திரநாத் சேகல், நம் பக்கத்து ஆள். அவர் வேலை பார்த்த மாண்ட்ரியல் ஆய்வகத்தை மூடியபோது அந்த நுண்ணுயிரை வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார் என்று சொல்வார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட்டை மனிதருக்கு முதலில் வைத்தது 1999-இல், பிரேசிலின் சாவ் பாவ்லோவில். இந்தியாவில் 2017 பிப்ரவரியில் அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தபோது வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதற்கு முந்தைய பில்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்களின் அருமை தெரியும்.

இதுவரை எல்லாம் பொறியாளருக்குப் பிடித்த கதை. பிரச்சினை, தீர்வு, தீர்வில் ஒரு பிழை, அதற்கு ஒரு பேட்ச். ஒரு கேள்வியை மட்டும் ரொம்ப காலம் யாரும் சரியாகக் கேட்கவில்லை: அடைப்பைத் திறந்தால் அந்த மனிதர் அதிக நாள் வாழ்கிறாரா?

2007-இல் கரேஜ் என்ற ஆய்வு வந்தது. நாள்பட்ட கரோனரி நோயுள்ள 2,287 பேர். பாதிப் பேருக்கு நல்ல மாத்திரைகள். மீதிப் பேருக்கு அதே மாத்திரைகளோடு ஆஞ்சியோபிளாஸ்டியும். நாலரை வருஷம் கழித்து, இறப்பு அல்லது மாரடைப்பு ஏற்பட்டவர்கள் மாத்திரைக் குழுவில் 18.5 சதவீதம், ஸ்டென்ட் குழுவில் 19. வித்தியாசமே இல்லை.

இது எப்படி? அடைப்பு கண்ணுக்கு முன்னால் திறக்கிறதே! இங்கேதான் சமையலறைக் குழாய் நம்மை ஏமாற்றுகிறது. கரோனரி நோய் குழாய்க்குள் இருக்கும் கசடு இல்லை. குழாயின் சுவரில் இருக்கும் நோய். கொழுப்புச் சுவருக்குள்தான் சேர்கிறது. சுவர் முதலில் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது, அதனால் உள்வழி சுருங்காமலே நிறைய கொழுப்பு சேர்ந்திருக்கலாம். ஆஞ்சியோகிராம் என்பது உள்ளே ஓடும் சாயத்தின் நிழல். சுவர் அதில் தெரியவே தெரியாது. மாரடைப்போ, மெல்லிய தோல் போர்த்திய ஒரு கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருகிறது. அந்தப் படிவு படத்தில் நாற்பது பர்சென்ட் என்று சாதுவாகத் தெரிந்த இடத்திலும் இருக்கலாம். தொண்ணூறு பர்சென்ட் இடம் பல வருஷமாக இறுகி, சுண்ணாம்பு ஏறிப் பழகிப்போனதாக இருக்கலாம்.

ஸ்டென்ட் சரிசெய்வது இரண்டு மூன்று சென்டிமீட்டரை. ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, சிகரெட்டை விடுவது எல்லாம் மொத்த மரத்துக்கும். லாகில் ஒரு எர்ரர் வருகிற ஃபங்க்ஷனை மட்டும் சரிசெய்துவிட்டு, மெமரி லீக் இருக்கிற லைப்ரரியைத் தொடாமல் விடுவது போல என்று என் சக ஊழியருக்குச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்.

சரி, ஆயுள் கூடாவிட்டாலும் வலி குறையுமே? அதையும் ஒருவர் சோதித்தார். ஸ்டென்ட் வைத்தால் வலி குறைவதில் எவ்வளவு ஸ்டென்ட்டால், எவ்வளவு "எனக்குச் சரிபண்ணிட்டாங்க" என்ற நம்பிக்கையால்? லண்டனில் ரஷா அல்-லாமி என்ற இதய மருத்துவர் தலைமையில் ஆர்பிட்டா ஆய்வு, 2017. 200 பேர். எல்லோரையும் கேத் லேபுக்குக் கொண்டுபோனார்கள், காதில் ஹெட்ஃபோன் மாட்டினார்கள், மயக்கம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஸ்டென்ட். மீதிப் பேருக்கு ஒன்றும் வைக்காமல் வெளியே கொண்டுவந்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டால், ஸ்டென்ட் வைத்தவர்கள் முன்பைவிட 28 நொடி கூடுதலாக ஓடினார்கள். வைக்காதவர்கள் 12 நொடி. இந்த 16 நொடி வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது புள்ளியியல். உலகம் முழுக்க இதய மருத்துவர்கள் கொந்தளித்தார்கள்.

இரண்டு பின்கதைகளைச் சேர்க்காவிட்டால் நியாயமில்லை. ஒன்று, இஸ்கீமியா ஆய்வு: 37 நாடுகளில் 5,179 பேர், இந்தியாவும் உண்டு. 2019-இல் முடிவு வந்தது. உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்வதால் இறப்போ மாரடைப்போ தெளிவாகக் குறையவில்லை. நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. இடது மெயின் தமனியில் பெரிய அடைப்பு உள்ளவர்களையும் இதய பம்ப் ரொம்ப பலவீனமானவர்களையும் இதில் சேர்க்கவில்லை, அவர்கள் கணக்கு வேறு. இரண்டாவது, அதே லண்டன் குழுவின் ஆர்பிட்டா-2, 2023. இந்த முறை வலிக்கான மாத்திரைகளை நிறுத்திவிட்டு அதே போலிச் சிகிச்சை முறை, 301 பேர், 12 வாரம். இப்போது ஸ்டென்ட் தெளிவாக ஜெயித்தது. ஆனாலும் வலியே இல்லாமல் போனது ஸ்டென்ட் குழுவில் பத்தில் நான்கு பேருக்குத்தான். மீதி ஆறு பேருக்கு ஏதோ ஒரு அளவில் வலி தொடர்ந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் வாசிப்பு: நாள்பட்ட நோயில் ஸ்டென்ட் என்பது பெரும்பாலானவர்களுக்கு வலிக்கான சிகிச்சை. நல்ல சிகிச்சை. உயிர்காக்கும் அவசரம் இல்லை. அப்படியென்றால் யோசிக்க நேரம் இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் பெரியப்பா விஷயத்தில் நடந்தது அப்படி. மூன்று தெரு நடந்தால் இறுக்கம், நின்றால் போய்விடும், ஒன்றரை வருஷமாக அப்படியேதான். ஆஞ்சியோ எடுக்கும்போது, அவர் மேசையில் படுத்திருக்கையிலேயே, வெளியே வந்து பெரியம்மாவிடம் கேட்டார்கள்: "எண்பது பர்சென்ட் இருக்கும்மா, இப்பவே போட்டுடலாமா? கையெழுத்துப் போடுங்க." மாத்திரை என்று ஒரு வழி இருப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. பெரியம்மா பயந்துபோய், "பையன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்கு ஒரு வாரம் வாங்கிக் கொடுத்தது. இன்னொரு டாக்டர் படத்தைப் பார்த்து, இடது மெயினில் ஒன்றும் இல்லை, பம்ப் நன்றாக இருக்கிறது, மாத்திரையோடு ஆரம்பிக்கலாம், வலி அடங்காவிட்டால் ஸ்டென்ட் என்றார். மாத்திரையில் ஆறு தெரு நடக்கிறார் இப்போது. வேறொருவருக்கு ஸ்டென்ட்டே சரியான முடிவாக இருந்திருக்கலாம். கேட்டு முடிவெடுத்தோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்த எண்பது பர்சென்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தைப் பார்த்துக் கண்ணால் மதிப்பிடும் எண் அது. அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளக்கும் மெல்லிய வயர் ஒன்று இருக்கிறது. எஃப்எஃப்ஆர் என்பார்கள். பின்னால் இருக்கும் அழுத்தம் முன்னால் இருப்பதில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த அடைப்பு உண்மையில் ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. 2009-இல் வந்த ஃபேம் ஆய்வில், 50 முதல் 70 பர்சென்ட் என்று கண்ணுக்குத் தெரிந்த அடைப்புகளில் மூன்றில் ஒரு பங்குதான் அளந்துபார்த்தபோது உண்மையான தடை. 71 முதல் 90 வரை தெரிந்தவற்றில்கூட ஐந்தில் ஒன்று தடையே இல்லை. அளந்துவிட்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கம்மி ஸ்டென்ட், கம்மி பிரச்சினை. புரொஃபைலர் ஓட்டாமல் கோடை ஆப்டிமைஸ் பண்ணாதே என்று ஜூனியர்களுக்குச் சொல்வோமே, அதேதான்.

ஆனால் மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் மேலே எழுதியது எதுவும் பொருந்தாது. ஈசிஜியில் முழு அடைப்பு தெரிகிற மாரடைப்பில் ரத்தக்கட்டி குழாயை மூடிவிட்டது. அதற்கு அப்பால் இருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கிறது. இங்கே சமையலறைக் குழாய்தான் சரியான படம். திறக்கணும், சீக்கிரம் திறக்கணும். இதில் "ஒரு வாரம் யோசிக்கிறோம்" என்பது தற்கொலை.

இதில் தமிழ்நாட்டில் நடந்த ஒரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கேத் லேப் எல்லா ஊரிலும் இல்லை. அதனால் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரியை நடுவில் வைத்து, சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் அதோடு இணைத்தார்கள். சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பி ஆஞ்சியோ. 2017-இல் வெளியான முடிவு: 2,420 நோயாளிகள், இந்த ஏற்பாட்டுக்கு முன் ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், பின் 14.2. புது ஸ்டென்ட், புது மருந்து எதுவும் இல்லை. போன், ஆம்புலன்ஸ், யார் யாரை எங்கே அனுப்புவது என்ற ஒழுங்கு. அவ்வளவுதான்.

இப்போது வால்வுக்கு வருவோம். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. வயதாக ஆக அதன் இதழ்களில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய கதவு 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம். மூச்சு வாங்கும், மயக்கம் வரும். அறிகுறி வந்த பிறகு சும்மா விட்டால் பலர் சில வருஷங்கள்கூடத் தாங்குவதில்லை. இதைத் திறக்கும் மாத்திரை கிடையாது. கரோனரிபோல ஆயிரம் கிளை இல்லை. ஒரே கதவு, ஒரே இடம். வயரை வைத்துச் சரிசெய்ய இதைவிடப் பொருத்தமான வியாதி இல்லை என்பேன்.

டென்மார்க்கில் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் என்ற இளம் டாக்டர் கசாப்புக் கடையில் பன்றி இதயங்களை வாங்கி, வால்வை வெட்டி எடுத்து, தானே வளைத்த கம்பிச் சுருளில் தைத்து, சுருக்கிப் பலூன் மேல் வைத்தார். 1989 மே மாதம் உயிருள்ள பன்றிக்கு அதை வைத்தார். வேலை செய்தது. கட்டுரையைச் சில இதழ்கள் திருப்பி அனுப்பின; 1992-இல்தான் அச்சேறியது. மனிதருக்கு முதலில் வைத்தவர் பிரான்ஸின் ரூவான் நகரத்து அலன் கிரிபியே, 2002 ஏப்ரல் 16. நோயாளிக்கு 57 வயது, அறுவை சிகிச்சைக்கு யாரும் எடுக்கத் தயாராக இல்லாத நிலை.

இதில் எனக்குப் பிடித்த விவரம் ஒன்று. பழைய வால்வை வெளியே எடுப்பதில்லை. புது வால்வு உள்ளே விரியும்போது பழைய இதழ்களைச் சுவரோடு நசுக்கி ஒதுக்கிவிடுகிறது. அதே சுண்ணாம்பு புது வால்வைப் பிடித்துக்கொள்ளும் ஆணியாகிறது. எந்தச் சுண்ணாம்பு கொல்ல வந்ததோ அதுவே!

2010-இல் பார்ட்னர் ஆய்வு. அறுவை சிகிச்சை செய்யவே முடியாத 358 பேர். வழக்கமான சிகிச்சையில் ஒரு வருஷத்தில் இறந்தவர்கள் 50.7 சதவீதம், கதீட்டர் வால்வு வைத்தவர்களில் 30.7. ஐந்து பேருக்கு வைத்தால் ஒருவர் கூடுதலாக அந்த வருஷத்தைத் தாண்டுகிறார். பக்கவாதம் கூடியது, அது சின்ன விஷயம் இல்லை. கருவிகள் மெலிய மெலியக் குறைந்தது. கரேஜ் ஆய்வின் 19-ஐயும் 18.5-ஐயும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வயர்தான்.

வால்வு என்றாலே இப்படி என்றும் நினைக்க வேண்டாம். மிட்ரல் வால்வு கசிகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு வால்வில் கோளாறே இருக்காது. இதயத் தசை பலவீனமாகி அறை விரிந்ததால் கதவு இரண்டும் சேராமல் நிற்கும். நிலை விரிந்துபோன வீட்டுக் கதவு மாதிரி. அந்த இரண்டு இதழ்களையும் நடுவில் ஒரு கிளிப்பால் கவ்விவைக்கும் சிகிச்சைக்கு 2018-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில் இறப்பு குறைந்தது, மற்றதில் ஒரு வித்தியாசமும் இல்லை. கதவா நிலையா, எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன் என்று இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வாதக் காய்ச்சலால் இதழ்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட மிட்ரல் சுருக்கத்தில், ஜப்பானின் கன்ஜி இனோவே 1980களில் கொண்டுவந்த பலூன் அந்த ஒட்டைப் பிரித்துவிடுகிறது. நம் நாட்டில் இந்த நோய் வரும் பலர் இளம் பெண்கள். சிலருக்குக் கர்ப்ப காலத்தில்தான் தெரியவருகிறது. மார்பைத் திறக்காமல், பெரும்பாலும் புது வால்வும் வைக்காமல் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள்.

மிச்சம் இருப்பது வயது. 2019-இல் வந்த பார்ட்னர் 3 ஆய்வில், அறுவை சிகிச்சையைத் தாங்கக்கூடிய, சராசரி 73 வயதுள்ள 1,000 பேர். முதல் வருஷம் கதீட்டர் வால்வு தெளிவாக முன்னே இருந்தது: இறப்பு, பக்கவாதம், இதயத்துக்காக மறுபடி ஆஸ்பத்திரி என எல்லாம் சேர்த்து 8.5-க்கு 15.1. ஐந்தாம் வருஷம் 22.8-க்கு 27.2, கிட்டத்தட்டச் சமம் என்றுதான் சொல்ல வேண்டும். எண்பது வயதுக்காரருக்கு இது போதும். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு? விலங்குத் திசுவால் ஆன இதழ்கள் காலப்போக்கில் தேயும். அப்போது பழைய வால்வுக்குள் இன்னொரு வால்வை வைக்க இடம் இருக்குமா, கரோனரி வாசல்களை அது மறைத்துவிடுமா, முதல் வால்வின் அளவு என்ன? இந்தக் கேள்விகளை முதல் வால்வை வைப்பதற்கு முன்பே சிடி ஸ்கேனைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.